ஆப்ஷன் அண்ணன் சுட்ட ஹவாய்க் கோழி

நடந்தவற்றை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. ஆப்ஷன் அண்ணன் தன் மனைவியிடம், "நீ பி ஆப்ஷன்" என்றார்.
2. மனைவி சாமளாபுரத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார்.
3. அண்ணன் ஹவாய் தீவுக்காரர்களைப் போலக் கோழி சுடப் பழகினார்.
4. துணியின் நிறம் பார்க்கும் எங்கள் வெளிச்சப் பெட்டிக்குள் ஒரு கோழித் தொடை வைக்கப்பட்டது.
5. அன்னாசிப் பழம் தன் வேலையைக் காட்டியது.
6. மாமனார் இரண்டாம் முறை சோறு வாங்கினார்.

ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் நடந்ததற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு கேள்விக்கு ஒரே ஒரு பதில் சொல்லத் தெரியாத மனிதர் திருப்பூர் மாவட்டத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் லேபில் சீனியராக இருந்தார். சம்பளச் சீட்டில் அவருக்கு வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

திருமுருகன்பூண்டிக்குப் பக்கத்தில் ஒரு சாய ஆலை. ஒரு புறம் சிலை செதுக்கும் உளிச் சத்தம், மறு புறம் பாய்லர் சத்தம், நடுவில் எங்கள் லேப். துணி வாங்கும் வெளிநாட்டுப் பையர் ஒரு நிறத்தைக் கேட்பார். நாங்கள் உள்ளங்கை அகலத் துணியில் அந்த நிறத்தை ஏற்றி, சற்று வெளிறியது ஏ, நடுவில் இருப்பது பி, சற்று அழுத்தமானது சி என்று மூன்று துண்டுகளை அட்டையில் ஒட்டி அனுப்புவோம். பையர் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கையெழுத்துப் போடுவார். அதைப் பார்த்துத்தான் டன் கணக்கில் துணிக்குச் சாயம் ஏறும். இந்த ஊரில் எல்லா லேபிலும் இதுதான் வழக்கம். மற்றவர்கள் சாயங்காலம் இந்த வழக்கத்தை மேசையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அண்ணன் டிபன் டப்பாவோடு அதையும் எடுத்துக்கொண்டு போனார்.

டீக்கடையில் அவர் மூன்று டீ சொல்வார். பால் குறைவாக ஒன்று, சரியாக ஒன்று, தூக்கலாக ஒன்று. மூன்றையும் வரிசையாக வைத்து வெயிலில் பார்த்துவிட்டு நடுவில் இருப்பதைக் குடிப்பார். ஓரத்து டீக்கள் எங்களுக்கு. ஒருமுறை விடுமுறைக் கடிதம் கொடுத்தபோது காய்ச்சல், தலைவலி, சொந்தத்தில் கல்யாணம் என்று மூன்று காரணங்களை எழுதி, பக்கத்தில் டிக் செய்யக் கட்டமும் போட்டிருந்தார். மேனேஜர் மூன்றையும் டிக் செய்து, உடம்பு இப்படி இருக்கும்போது கல்யாணத்துக்குப் போக வேண்டாம் என்று எழுதி அனுப்பினார்.

கல்யாணத்துக்குப் பிறகு இந்தப் பழக்கம் குடும்பத்துக்குள் போனது. தீபாவளிக்கு மனைவி சுகந்தியக்காவுக்கு மூன்று சேலைகளைக் கொண்டு வந்து கட்டிலில் பரப்பினார். அக்கா சியை எடுத்தார். ஒரு வாரம் அண்ணனின் முகம் தொங்கிக் கிடந்தது. "எது வேணுமுன்னு கேக்கறதும் இவரு. நான் எடுத்தா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கறதும் இவரு" என்று அக்கா என்னிடம் சொன்னார். எனக்கும் வீடு சாமளாபுரம்தான். அக்காவின் அம்மா வீட்டுக்கு அடுத்த தெரு. இரண்டு பக்கத்துப் புகார்களும் என் ஸ்கூட்டரிலேயே போய் வரும்.

இப்படி இருக்கையில்தான் ஒருநாள் அக்கா, எத்தனையோ பெண்கள் இருக்க என்னை ஏன் கட்டிக்கொண்டீர்கள் என்று கேட்டிருக்கிறார். புதிதாகக் கல்யாணமானவர்கள் கேட்கிற கேள்விதான். பதில் சொல்லத் தெரியாதவர்கள் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். அண்ணன் யோசித்து, உண்மையைச் சொன்னார்.

"மூணு ஜாதகம் வந்துச்சு. நீ பி ஆப்ஷன்."

மறுநாள் காலை அக்கா சாமளாபுரத்தில் இருந்தார்.

லேபில் அண்ணன் என்னிடம் வந்து, தான் சொன்னதில் என்ன தவறு என்று கேட்டார். அவர் உண்மையாகவே கேட்டார் என்பதுதான் அதில் பயங்கரம். ஊரில் எந்தப் பெண்ணும் தன்னை இரண்டாவது என்று சொன்னால் பெட்டியைக் கட்டுவாள் என்றேன். இரண்டாவது என்று யார் சொன்னது, பி என்றுதானே சொன்னேன் என்றார். அடுத்த மெஷின் மணியடித்ததால் பேச்சு அங்கேயே நின்றது.

அக்கா போனில் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். அவர் தன் கையால் ஒன்றே ஒன்று சமைக்க வேண்டும். இதுதான் நான் ஆக்கியது, சாப்பிடு என்று சொல்ல வேண்டும். அன்றைக்கு வருகிறேன் என்றாராம். அண்ணன் காதில் "சமைக்க வேண்டும்" மட்டும் விழுந்தது.

அவர் ஏன் ஹவாய்ச் சமையலுக்குப் போனார் என்றால், அதற்குக் காரணம் எங்கள் பையர். கோடைக்கால போலோ டீ ஷர்ட்டுக்கு அவர் நிற எண் எதுவும் தராமல் ஒரு போட்டோவை அனுப்பியிருந்தார். கடற்கரை, தென்னை மரம், இரும்புக் கம்பிமேல் சுட்ட கோழி. அந்தக் கோழிமேல் பளபளக்கும் பழுப்பு நிறம்தான் வேண்டும் என்று எழுதியிருந்தார். ஹவாய் தீவில் கோழியை அன்னாசிச் சாற்றிலும் சோயா சாஸிலும் ஊறவைத்து, கரி நெருப்பில் திருப்பித் திருப்பிப் போட்டுச் சுடுவார்களாம். அந்தப் பழுப்பைப் பருத்தியில் கொண்டுவர அண்ணன் எத்தனை டிப், அதாவது மாதிரித் துண்டு, போட்டார் என்பது அந்தக் கோழிக்கே தெரியாது. கடைசியில் அப்ரூவல் வந்தது. ஆக, ஹவாய்க் கோழியின் நிறத்தைத் தமிழ்நாட்டிலேயே அதிகம் அறிந்தவர் அவர்தான். வாயில் மட்டும் வைத்ததில்லை.

இன்னொரு காரணத்தையும் அவரே என்னிடம் சொன்னார். "நாட்டுக்கோழிக் கொழம்பு வெச்சா, அவங்கம்மா வெக்கறதோட வெச்சுப் பாப்பா. இதுக்குச் சாமளாபுரத்துல ஸ்டாண்டர்டே கெடையாது அம்மிணி. எதோட வெச்சு ரிஜெக்ட் பண்ணுவா?"

அந்தச் சமையலை ஒரு லேப் வேலையாகப் பார்த்தால் நன்றாகவே செய்தார். பாக்கெட் அன்னாசிச் சாறு, சோயா சாஸ், தக்காளி சாஸ், இஞ்சி பூண்டு விழுது. ஹவாய்க்காரர்கள் பழுப்புச் சர்க்கரை போடுகிற இடத்தில் நம் நாட்டுச் சர்க்கரை. தொடைத் துண்டுகளைக் கீறி அதில் இரண்டு மணி நேரம் ஊறவிட்டார். துணி பிழியும் பழைய மெஷினிலிருந்து கழற்றிப் போட்ட, சுற்றிலும் ஓட்டை உள்ள எவர்சில்வர் கூடை ஒன்று பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. அதில் கரியைக் கொட்டி, மேலே கம்பி வலையை வைத்து, மிச்சச் சாற்றைச் சுண்டக் காய்ச்சி பிரஷ்ஷால் தடவித் தடவித் திருப்பினார். நாட்டுச் சர்க்கரை உருகி மினுங்கியது. வாசனை மட்டும் நன்றாக இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது.

மறுநாள் ஒரு தொடையை லேபுக்குக் கொண்டு வந்தார். நிறத்தை எண்ணாக அளக்கும் கருவியில் வைக்கலாமா என்று கேட்டார். வைத்தால் நான் வேலையை விட்டுவிடுவேன் என்றேன். வெளிச்சப் பெட்டிக்குச் சமாதானமானார். அது ஒரு சிறு அறை மாதிரி இருக்கும். பகல் வெளிச்சம், கடை வெளிச்சம், வீட்டு மஞ்சள் விளக்கு என்று மாற்றி மாற்றிப் போட்டுத் துணியின் நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்போம். நியூஸ்பேப்பர் விரித்து, அப்ரூவல் ஆன போலோத் துணிக்குப் பக்கத்தில் கோழியை வைத்தார். பகல் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாக இருந்தன. கடை வெளிச்சத்தில் கோழி சற்றுச் சிவந்தது.

"அவிங்க ஊட்டுல டியூப் லைட்டா, பல்பா?" என்றார்.

"அக்கா சாப்புடத்தாண்ணா போறாங்க."

"கண்ணு பாத்துட்டுத்தான அம்மிணி வாய் சாப்புடும்?"

சாயங்காலம் என் ஸ்கூட்டரில் மூன்று டப்பாக்கள் ஏறின. ஒவ்வொன்றின் கைப்பிடியிலும் ஒரு அட்டை. ஏ, சர்க்கரை குறைவு. பி. சி, சோயா தூக்கல். கீழே "கமென்ட்ஸ்" என்று எழுதிக் கோடு போட்டிருந்தது. பகல் வெளிச்சத்தில் பார்க்கவும் என்று தனிக் குறிப்பு. ஒன்றுதானே கேட்டார்கள் என்று நான் சொல்லிப் பார்த்தேன். மூன்றிலிருந்து ஒன்றை எடுத்தால் ஒன்றுதானே என்றார்.

சுகந்தியக்கா டப்பாக்களையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பேனா இருக்கிறதா என்று கேட்டார்.

அடுத்த நாள் டப்பாக்கள் திரும்பின. ஏ அட்டையில், "பிரசவத்துக்குப் பத்தியமா?" சி அட்டையில், "கரிக்குள்ள விழுந்து எந்திரிச்சு வந்துச்சா?" இரண்டிலும் கோழி பாதி அப்படியே இருந்தது. பி அட்டையில் ஒன்றும் எழுதவில்லை. டப்பா காலியாக, கழுவித் துடைத்து இருந்தது.

அண்ணன் அந்தக் காலி டப்பாவை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கமென்ட் இல்லாம வந்தா அப்ரூவலா, ரிஜெக்டா? கழுவி வேற குடுத்துட்டா. தெரு நாய்க்குப் போட்டாளா, தின்னாளான்னு எப்படித் தெரியும்?"

அக்கா கோழியைச் சாப்பிட்டு எலும்பையும் கடித்ததை நான் கண்ணால் பார்த்திருந்தேன். அதைச் சொல்வதற்கு முன்பே அவர் போனில் அக்காவின் செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மாவோடு வருகிறேன். ஒன்று சமைத்தால் போதும். மறுபடி மூன்று வைத்தால் அப்பாவோடு அப்படியே திரும்பிவிடுவேன். மாமனார் பஞ்சாயத்துக்குத்தான் வருகிறார் என்பதும், அது எந்தப் பக்கம் முடியும் என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை என்பதும் எங்கள் தெருவுக்கே தெரிந்திருந்தது.

அண்ணன் போனோடு ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒன்று செய்வது அவ்வளவு கஷ்டமா என்று கேட்டேன்.

"மூணு அனுப்பி ஒண்ணு விழுந்தா, சாம்பிள்தான் விழுந்துச்சுன்னு போயிரலாம் அம்மிணி. ஒண்ணே ஒண்ணு அனுப்பி அது விழுந்தா, விழுந்தது நானு."

அன்றைக்கு அவர் டீக்கடையில் ஒரு டீதான் சொன்னார். எங்களுக்கு டீ இல்லை.

சாய ஆலைகளில் ஒரு பழைய சண்டை உண்டு. லேபில் வந்த நிறம் பெரிய மெஷினில் வராது. லேப்காரர்கள் மெஷின்காரர்களைத் திட்டுவார்கள். மெஷின்காரர்கள் லேபைத் திட்டுவார்கள். உண்மையில் யாராவது ஒருவர் நடுவில் நல்லெண்ணத்தோடு எதையாவது மாற்றியிருப்பார். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டு மொட்டை மாடிக்கு உதவிக்குப் போனபோது எனக்கு அந்தச் சண்டைதான் நினைவுக்கு வந்தது.

கரி கனன்றுகொண்டிருந்தது. கீழே மாமனாரின் குரல் கேட்டது. காலமெல்லாம் விசைத்தறிச் சத்தத்துக்குள் பேசிப் பழகியவர். அவர் ரகசியம் சொன்னால் அடுத்த தெரு பதில் சொல்லும். கோழிக்குள் அன்னாசிப் பழத்தை யார் போடுவார்கள் என்று மாமியாரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். அண்ணன் பெரிய பாத்திரத்தைத் திறந்து ஒரு தொடையைத் தூக்கினார். எலும்பு வந்தது. கறி பாத்திரத்திலேயே இருந்துவிட்டது.

"அண்ணா, பாக்கெட் ஜூஸ்தான ஊத்துனீங்க?"

"ஊட்டுக்கு வர்ற ஒறம்பரைக்குப் பாக்கெட்டா? முழுப் பழம். நானே அரைச்சு ஊத்துனேன்."

"எப்பப் போட்டீங்க?"

"நேத்துப் பொழுதோட. ராத்திரி பூரா எச்சா ஊறட்டும்னு."

பனியன் துணியில் பஞ்சு பிசிறாமல் இருக்க நாங்கள் ஒரு என்சைம் போடுவோம். துணிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பஞ்சை அது தின்றுவிடும். வேலை முடிந்ததும் சூடேற்றி அதைக் கொன்றுவிட வேண்டும். மறந்தால் துணியையும் தின்னத் தொடங்கும். பிறகு விரலால் குத்தினாலே ஓட்டை விழும். சூடேற்றாத அன்னாசியிலும் அப்படி ஒன்று இருக்கிறது. அது கறியைத் தின்னும். பாக்கெட் சாற்றைக் காய்ச்சித்தான் அடைக்கிறார்கள், ஆகவே அதில் அது செத்துப்போயிருக்கும். அண்ணனுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு துண்டை எடுத்துக் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தார். விரல் மறுபக்கம் வந்தது.

"ஸ்ட்ரென்த் போச்சு" என்றார்.

இருந்தாலும் வலையில் வைத்துப் பார்த்தார். வைத்ததில் பாதி கரிக்குள் விழுந்து புஸ்ஸென்றது. மீதியைத் திருப்பப் போனபோது அது திரும்பவில்லை, பரவியது. நான் அவசரமாகக் கணக்குப் போட்டேன். ஃபிரிட்ஜில் பாக்கெட் சாறு இருக்கிறது. கறிக்கடை தெருமுனையில். இரண்டு மணி நேரம் கீழே எப்படியாவது பேச்சுக் கொடுத்தால் புதிதாகச் சுட்டுவிடலாம். யாருக்கும் தெரிய வேண்டாம். ஸ்கூட்டர் சாவியைக் கையில் எடுத்துவிட்டேன்.

அண்ணன் வேண்டாம் என்றார். "அது சி ஆப்ஷன், அம்மிணி. அவ ஒண்ணுதான் கேட்டிருக்கா."

அப்போது சுகந்தியக்கா படியேறி வந்துவிட்டார். கரி, வலை, பாத்திரம் என்று வரிசையாகப் பார்த்தார். அண்ணன் இடுக்கியைக் கீழே வைத்தார்.

"கெட்டுப் போச்சு சுகந்தி. நான் ஆக்குனது இதுதான்."

"வேற இல்லீங்களா?"

"இல்ல."

"ஏ, சி ஒண்ணும்?"

"இல்ல. எனக்கு எப்பவுமே பி மட்டுந்தான்."

அக்காவுக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார். எங்கள் தொழிலில் வெளியே சொல்லாத ஒரு விஷயத்தை நான் சொல்ல வேண்டியதாயிற்று. உள்ளபடியே நாங்கள் மெனக்கெட்டுச் செய்வது ஒரே ஒரு நிறத்தைத்தான். அது பி. அது சரியாக வந்த பிறகு, கொஞ்சம் சாயத்தைக் குறைத்து ஏ, கொஞ்சம் கூட்டி சி என்று இரண்டைச் செய்து இரண்டு பக்கமும் ஒட்டுவோம். ஒன்றை மட்டும் அனுப்பினால் பையருக்குக் குறை சொல்லத் தோன்றும். மூன்றை அனுப்பினால் தானே தேர்ந்தெடுத்த திருப்தியில் பியில் கையெழுத்துப் போட்டுவிடுவார். ஏவும் சியும் துணைக்குப் போகிறவை.

அக்கா அண்ணன் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"அப்ப அந்த மத்த ரெண்டு ஜாதகம்?"

அண்ணன் இடுக்கியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். "உன்ர ஜாதகம் ஒண்ணுதான் வந்துச்சு. ஒண்ணே ஒண்ணக் காட்டுனா எங்கம்மா நொட்டை சொல்லுவாங்கன்னு, தரகர்கிட்ட நாந்தான் இன்னும் ரெண்டு கேட்டு வாங்குனேன்."

"எப்படிப்பட்டது?"

"ஒண்ணு செவ்வா தோஷம். இன்னொண்ணு எங்க கூட்டத்துப் பொண்ணு. தங்கச்சி முறை."

கீழேயிருந்து மாமனார் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவர் காதும் தறிச் சத்தத்துக்குப் பழகியதுதான். கேட்க வேண்டியது கேட்டுவிடும்.

சுகந்தியக்கா சிரிக்கவில்லை. சேலையைச் செருகிக்கொண்டு, பாத்திரத்தில் இருந்ததையும் வலையில் ஒட்டியிருந்ததையும் வழித்து எடுத்தார். "வரமொளகா எங்கிருக்குதுங்க?" என்று கேட்டார். அண்ணன் வாயைத் திறந்தார், மூடினார், "கடுகு டப்பாவுக்குப் பொறத்தால" என்று ஒரே இடத்தைச் சொன்னார். அது அங்கேதான் இருந்தது. இரும்புச் சட்டியில் எண்ணெய், கிள்ளிய வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ப் பல். அதன் தலையில் ஹவாய்த் தீவைக் கொட்டிச் சுருளக் கிளறினார். இனிப்பும் காரமுமாக, எலும்பில்லாமல், பொடிமாஸ் போல வந்தது.

மாமனார் சோற்றில் போட்டுப் பிசைந்து சாப்பிட்டார். இரண்டாம் முறை சோறு கேட்டார். பல்லுக்கு வேலையே வைக்காத கோழியை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். "ஏனுங் மாப்பிள்ளை, இந்த ஹவாய் எந்தப் பக்கம் இருக்குது?"

"கடலுக்குள்ளீங்க மாமா."

ஒரே பதில். அக்கா என்னைப் பார்த்தார். பஞ்சாயத்து அத்தோடு முடிந்தது. கைகழுவிவிட்டு மாமனாரும் மாமியாரும் மட்டும் கிளம்பினார்கள். "நீயும் அடிக்கடி வந்து போ கண்ணு" என்று மாமியார் என்னிடம் சொன்னார். அக்காவின் பெட்டி அன்று காலையிலேயே காரின் டிக்கியில் வந்திருந்தது என்பது எனக்குப் பிறகு தெரிந்தது.

இப்போதைய நிலவரம் இது. அந்தப் பழுப்பு போலோ கப்பலேறிவிட்டது. எவர்சில்வர் கூடை மாடியில் இருக்கிறது. மாதம் ஒருமுறை அதில் பாக்கெட் சாறு ஊற்றிய கோழி சுடப்படுகிறது, ஒரு டப்பா எனக்கும் வருகிறது. சேலையை அக்காவே எடுத்துக்கொள்கிறார். அண்ணன் பெருந்துறைப் பக்கம் பெரிய ஆலைக்கு லேப் மேனேஜராகப் போய்விட்டார். எங்கள் லேபை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன்.

அவர் போகும்போது, உங்கள் இடத்துக்கு யாரைப் போடலாம் என்று மேனேஜர் கேட்டிருக்கிறார். அண்ணன் மூன்று பெயர்களைச் சொன்னாராம். என் பெயர் நடுவில் இருந்தது.